மீதமுள்ள நேரம்

தொடரில் வரும் காலக் காவலர்கள்
சாம்பல் நிறக் கோட்டு போட்டிருப்பார்கள்.
யாராவது பின்னால் போய் எதையாவது மாற்றினால்
கதவில்லாத இடத்தில் கதவு திறந்து
வந்து நிற்பார்கள்,
எப்போதும் மாற்றி முடித்த பிறகு.

காலத்தையே கையில் வைத்திருக்கிறவனுக்கு
எப்படி லேட்டாகும்?
மூன்று வருடமாக இதைத்தான் கேட்கிறேன்,
திருக்கடையூர் சன்னதித் தெருவில்
மணிவிழா வீடியோ மிக்ஸிங் செய்யும் மாடிக் கடையில்,
இரவு ஒரு மணிக்கு.

ஜெகபர் லென்ஸைத் துடைத்தபடி சொல்வான்:
நடந்தது நடந்ததுதான்.
நீ திரும்பிப் போய்த் தடுக்கப் பார்த்தால்
அன்றைக்கும் நீ அங்கே நின்று
தடுக்கப் பார்த்துத் தோற்றிருப்பாய்.
ஆக்கூரிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவன்.
எந்தப் பள்ளம் எங்கே என்று தெரிந்தே
விழுகிறவன்.

ஞானப்பூ ஆல்பத்தை ஒட்டிக்கொண்டே மறுப்பாள்.
கல்லணையில் போய்ப் பார்,
ஒரே தண்ணீர்தான்
காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்.
ஒன்றை மாற்றினால் காலம்
இன்னொரு கிளை வெட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.
கிளைக்குக் கிளை பிரிந்துகொண்டே போனால்
கடைசிக்கு எவ்வளவு வரும் என்றேன்.
அவள் தரங்கம்பாடிக்காரி.
பசைக் குச்சியைக் கீழே வைத்தாள்.
'அப்ப நாம இருக்கறது
கடைமடைக் காலம்.'

அதற்குமேல் அன்று யாரும் பேசவில்லை.

என் கட்சி வேறு.
இந்த ஊரில் காலனை ஒருமுறை
உதைத்திருக்கிறார்கள்.
சாவு நின்று, பாரம் தாங்காமல்
பூமியே மனுப் போட்டு
அவனைத் திரும்ப வேலையில் சேர்த்தது.
சஸ்பெண்ட் ஆகி வந்த அதிகாரி
உதை வாங்கிய தெருவுக்கு
ரோந்து வருவானா?
அதனால்தான் இங்கே லேட்டு.
ஜெகபர் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஆறுபாதி சட்டைநாதன்,
பொதுப்பணித்துறையில் மதகு லஸ்கராக இருந்தவர்,
எண்பது முடிந்து சதாபிஷேகம் செய்துகொண்டார்.
கலச நீர் தலையில் விழ விழ
கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.
பதினொன்றாம் தேதி அது.
அன்று இரவே போய்விட்டார்.

ஜெகபரின் இரண்டாம் கேமராவுக்கு
பேட்டரி மாற்றியதில் கடிகாரம் ஒரு நாள் முந்தி ஓடியது.
மூலையில் தேதி எழுதுவதை
அவன் அணைக்கவும் மறந்திருந்தான்.
ஆக, பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு,
ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்த நேரத்தில்,
சட்டைநாதன் மனைவிக்கு மாலை போடுகிறார்.
மாலை காதில் சிக்கிக்கொள்கிறது.
எடுத்துவிடுகிறார்.

மறைத்துவிடலாம். கொஞ்சம் பெரிதாக்கி
மூலையை வெட்டினால் போதும்,
இரண்டு நிமிட வேலை.
கருமாதி முடிந்து மகன் புகழேந்தி வந்தபோது
மன்னிப்புக் கேட்டுக் காட்டினேன்.
மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு
மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.
மாலை, காது, மாலை, காது, மாலை, காது.
'பன்னண்டு அப்படியே இருக்கட்டும்மா' என்றார்.
பாக்கிப் பணத்தை எண்ணாமல் வைத்தார்.
எண்ணிப் பார்த்தேன், நூறு குறைந்தது.
கூப்பிடவில்லை.

இப்போது சட்டம் என் கையில்.
ஜெகபர் சொன்னபடி பார்த்தால்
இந்தத் தவறு முன்பே நடந்துவிட்டது,
நான் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை.
ஞானப்பூ கணக்கில்
எங்கோ ஒரு வாய்க்காலில்
பன்னிரண்டாம் தேதி காலைக் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது,
அதற்காக எங்கோ ஒரு வயல் காய்கிறது.

பொத்தானை அழுத்தினேன்.
படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதுபோல் இருந்தது.
கீழே பால் வண்டி.

மீதமுள்ள நேரம்: நான்கு நிமிடம் என்றது திரை.
கொஞ்சம் பொறுத்து
பதினொன்று என்றது.